கோல் கும்பஸில் கத்தாதீர்கள்

கர்நாடகத்துப் பீஜப்பூரில் பெரிய கும்மட்டத்தோடு (குவிமாடத்தோடு) நிற்கும் பழைய கட்டடமான கோல் கும்பஸ் பற்றிச் சென்ற இதழில் நான்கு வரிதான் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் நான்குக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

டீச்சர், ஜனவரியில் குடும்பத்தோடு போய் வந்தோம். எதிரொலி ஏழு முறை கேட்கும் என்றார் வழிகாட்டி. எங்கள் காதில் விழுந்ததெல்லாம் கூச்சலும் விசிலும்தான். அங்கே அப்படி என்ன இருக்கிறது?
*ஒரு வாசகி, விருதுநகர்*

முதல் முறை நானும் இப்படித்தான் மனம் வெறுத்துத் திரும்பினேன். பள்ளிப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு உச்சி வெயிலில் போயிருந்தோம். மேலே ஆளுக்கொரு விசில். ஒரு சத்தம் தேய்வதற்குள் அடுத்தது வந்து அதன்மேல் விழுந்தது. தலைவலியோடு இறங்கினோம்.

சில ஆண்டுகள் கழித்து அக்காவோடு போனேன். அதிகாலையில் கதவு திறந்ததும் முதல் ஆளாக ஏறினோம். கும்மட்டத்தின் அடிவிளிம்பில், உட்புறமாக ஒரு மாடம் வட்டமாகச் சுற்றி வருகிறது. அக்கா ஒரு பக்கம் சுவரோரம் உட்கார்ந்தாள். நான் நேர் எதிர்ப்பக்கம். நடுவில் சுமார் 38 மீட்டர் வெற்றுவெளி. அவள் முகம்கூடச் சரியாகத் தெரியவில்லை. “கால் வலிக்கிறதா?” என்று என் காதோரம் யாரோ கேட்டார்கள். திடுக்கிட்டுத் திரும்பினேன், பக்கத்தில் ஒருவரும் இல்லை. எதிரே அக்கா சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். பிறகு அவள் பையைத் திறந்து மாத்திரை அட்டையை எடுத்தாள். அந்தத் தகடு கிழிகிற சத்தம் என் தோளுக்குப் பக்கத்தில் கேட்டது. நானும் சுவரைப் பார்த்துத் திரும்பி, “தண்ணீர் குடித்து விழுங்கு” என்று முணுமுணுத்தேன். தலையாட்டினாள்.

வளைந்த சுவரோடு ஒட்டியே ஒலி ஓடுவதால் நேர்ந்தது இது. வெட்டவெளியில் சிதறிப்போகும் குரலை அந்தச் சுவர் கைப்பிடித்துக் கொண்டுபோய் எதிர்ப்பக்கம் சேர்க்கிறது. மெல்லப் பேசினால்தான் அது புரியும். கத்தினால் கிடைப்பது எதிரொலி மட்டுமே. அது ஏழு முறையோ பத்து முறையோ, எண்ணிக்கொண்டு நிற்காதீர்கள். இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும்: அது ஒரு சமாதி. நம் வீட்டுப் பெரியவரைப் புதைத்த இடத்தில் ஒருவன் விசிலடித்தால் நாம் பொறுப்போமா? பிள்ளைகளுக்கு ஏறுவதற்கு முன்பே இதைச் சொல்லி அழைத்துப் போங்கள், அவர்கள் கேட்டுக்கொள்வார்கள்.

அம்மாவுக்கு 68 வயது, மூட்டு வலி. மேலே ஏற முடியாவிட்டால் போவது வீண்தானே?
*ஒரு வாசகர், ஈரோடு*

வீண் இல்லை. ஆனால் அம்மாவை ஏறச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். நான்கு மூலையிலும் ஏழு அடுக்கு எண்கோணக் கோபுரங்கள், அவற்றுக்குள்தான் படிகள். குறுகலானவை, ஒவ்வொன்றும் உயரம்.

கீழே கூடத்தில் அவர் பார்க்க நிறைய இருக்கிறது. நடு மேடையில் பீஜப்பூரை ஆண்ட மன்னர் முகமது ஆதில் ஷா, அவருடைய மனைவியர் இருவர், ரம்பா என்ற ஆசைநாயகி, மகள், பேரன் ஆகியோரின் நினைவுக் கற்கள். உண்மையான கல்லறைகள் அதற்கும் கீழே நிலவறையில். தெற்கு வாசலுக்கு மேலே பாரசீகத்தில் மூன்று வாசகங்கள் உள்ளன. எழுத்துகளுக்குரிய எண்களைக் கூட்டினால் ஒவ்வொன்றிலும் 1067 என்ற ஹிஜ்ரி ஆண்டு வரும். அதாவது மன்னர் இறந்த 1656. ஒரு மரணத்தை மூன்று விதமாகச் சொல்லி, மூன்றிலும் அதே கணக்கை ஒளித்து வைத்த அந்தப் புலவரை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பு அடங்குவதில்லை.

அவ்வளவு பெரிய கும்மட்டம் தூண் இல்லாமல் எப்படி நிற்கிறது?
*ஒரு பொறியியல் மாணவர், திண்டுக்கல்*

தம்பி, வாசலில் கோலம் போடுகிற அம்மாவைக் கேள். ஒரு சதுரம் போட்டு, அதன்மேல் இன்னொரு சதுரத்தைச் சாய்த்துப் போட்டால் எட்டுமுனை நட்சத்திரம் வரும். நடுவில் எண்கோணம் மிஞ்சும். கோல் கும்பஸில் கும்மட்டத்துக்கு அடியில் இருப்பது அந்தக் கோலம்தான். கோட்டுக்குப் பதில் எட்டு வளைவுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போகின்றன. சதுரமான கூடம் இப்படி மெல்ல மெல்ல வட்டமாகிக் கும்மட்டத்தைத் தாங்குகிறது.

நுட்பம் அதோடு முடியவில்லை. எந்தக் கும்மட்டமும் தன் எடையால் அடிச்சுவரை வெளிப்பக்கம் தள்ளும். இங்கே வளைவுகளுக்கு இடைப்பட்ட கனத்த கட்டுமானம் உட்பக்கம் சாய்ந்து தொங்குகிறது. வெளியே தள்ளும் விசையை இந்த உள்பாரம் பிடித்து இழுக்கிறது. வெளிவிட்டம் சுமார் 44 மீட்டர் உள்ள கும்மட்டம் இது. கூடத்தின் நடுவே நின்று அண்ணாந்து பார், வளைவுகள் வெட்டிக்கொள்ளும் கோடுகள் தெளிவாகத் தெரியும். கும்பத் என்ற பாரசீகச் சொல்தான் அங்கே கும்பஸ் என்றும் நம் வாயில் கும்மட்டம் என்றும் ஆனது என்பதையும் குறித்துக்கொள்.

இந்த மன்னருக்கும் நமக்கும் ஏதாவது தொடர்பு உண்டா? எப்படிப் போவது?
*ஒரு வாசகி, செங்கல்பட்டு*

உண்டு. 1649இல் செஞ்சிக் கோட்டையைப் பிடித்தது இவருடைய படை. சிவாஜியின் தந்தை ஷாஜி இவரிடம் பணியாற்றியவர். ஷாஜியின் இன்னொரு மகன் ஏகோஜி, பிற்பாடு பீஜப்பூர் அனுப்பிய தளபதியாகத் தஞ்சாவூர் வந்து, அங்கேயே அரசராகிவிட்டார்.

சென்னை–மும்பை ரயிலில் சோலாப்பூரில் இறங்குங்கள். அங்கிருந்து பீஜப்பூருக்குப் பஸ்ஸில் ஏறத்தாழ 100 கிலோமீட்டர். 2014 முதல் ஊரின் பெயர் விஜயபுரா. பஸ் பலகையில் அந்தப் பெயரைத் தேடுங்கள். முதல் நாள் மாலையே போய்த் தங்கி, மறுநாள் கதவு திறக்கும்போது வாசலில் நில்லுங்கள். சுற்றுலாப் பஸ்கள் வருவதற்குள் மேலே ஏறிவிட வேண்டும்.