மச்சான் சொன்ன கார், வீட்டின் மேல் ஏறும் கடன்

கேள்வி: அமெரிக்காவில், மிச்சிகனில் இருக்கிறேன். மனைவியின் தம்பி பேச்சைக் கேட்டு, முழுக்கப் புதுப்பித்த 1968 டாட்ஜ் டார்ட் ஜி.டி. கன்வெர்டிபிள் ஒன்றைப் போன வருடம் 38,000 டாலருக்கு வாங்கினேன். பணம் ஹெலாக்கில், அதாவது வீட்டின் மதிப்பை வைத்து பேங்க் தரும் கடனில் எடுத்தது. வட்டி 8 சதவீதம். மடக்குக் கூரை, கியர்பாக்ஸ் என்று இன்னும் 8,000 அதிலிருந்தே போனது. இப்போது 15,000 செலவழித்து 340 வி8 இன்ஜின் மாட்டினால், டார்ட்டிலேயே வேகமான மாடலான ஜி.டி.எஸ். விலைக்கு விற்கலாம் என்கிறான். மாதம் 310 டாலர் தவறாமல் கட்டுகிறேன், கடன் குறையவே இல்லை. தூக்கம் வரவில்லை.

பதில்: 46,000 டாலருக்கு மாத வட்டியே 307. நீங்கள் கட்டுவதில் அசலுக்குப் போவது வெறும் 3 டாலர். கடன் எப்படிக் குறையும்? ஆசைப்பட்டு வாங்கியதைத் தப்பென்று சொல்ல மாட்டேன். பில் வரும்போதெல்லாம் வீட்டின் மேல் கை வைக்கிறீர்களே, அதுதான் தப்பு.

வருடக் கணக்கு பாருங்கள். வட்டி 3,680. இன்சூரன்ஸ், குளிர்காலத்தில் நிறுத்தி வைக்கும் வாடகை, சில்லறை ரிப்பேர் என்று ஒரு 2,600. ஆக 6,300 டாலர். கார் விலை வருடத்துக்கு 13, 14 சதவீதம் ஏறினால்தான் போட்ட காசு கையில் நிற்கும். இந்தப் பணம் வீட்டுக்குச் செலவாகவில்லை என்பதால் வட்டிக்கு வரிச் சலுகையும் இல்லை. சொந்தக் காரை நஷ்டத்துக்கு விற்றால் அதையும் வரியில் கழிக்க முடியாது.

அப்புறம் அந்த இன்ஜின். கண்ணாடி வழியே டாஷ்போர்டில் தெரியும் வி.ஐ.என். தகட்டை, அதாவது தொழிற்சாலையில் பொறித்த வண்டி எண்ணை, வாங்க வருபவர் முதலில் படிப்பார். 1968 ஜி.டி.எஸ். என்றால் அது எல், எஸ் என்று தொடங்கும். உங்கள் ஜி.டி.யில் இரண்டாவது எழுத்தே வேறு. எந்த இன்ஜினை மாட்டினாலும் தகடு மாறாது. 15,000 போட்டால் அது திரும்பி வராது; வட்டி மட்டும் மாதம் 100 டாலர் கூடும்.

மைத்துனரிடம் நேராகவே சொல்லுங்கள்: லாபம் நிச்சயம் என்றால் அவர் பணத்தைப் போடட்டும். மனைவி மனம் நோகுமே என்று தயங்காதீர்கள். அடமானத்தில் இருப்பது அவர் குடியிருக்கும் வீடும்தான். பழைய கார்களில் ஆளுக்கொரு பங்கு வாங்கலாம் என்று இப்போது ஆப்கள் வருகின்றன. மைத்துனர் அடுத்து அதைக் கொண்டுவந்தாலும் வேண்டாம்.

இந்த வாரமே பேங்கில் சொல்லி, ஹெலாக்கில் இனிப் பணம் எடுக்க முடியாதபடி முடக்குங்கள். காரை லிஃப்டில் ஏற்றிக் கீழ்த்தளத்தையும் கதவுக்கு அடியில் ஓடும் தகட்டையும் பாருங்கள். நிரந்தரக் கூரை இல்லாத வண்டியின் பலமே அங்கேதான். துணி சுற்றிய காந்தம் ஒட்டாமல் வழுக்கினால் பெயின்டுக்கு அடியில் இருப்பது இரும்பு இல்லை, பள்ளத்தை மறைக்கப் பூசிய பட்டி.

பட்டி என்றால் வரும் வசந்தத்தில், கூரையைத் திறந்து ஓட்டும் பருவத்தில், கிடைத்த விலைக்கு விற்றுக் கடனில் கட்டிவிடுங்கள். இரும்பு நன்றாக இருந்து, காரை விட மனமில்லை என்றால் சம்பளத்திலிருந்து மாதம் 1,300 கட்டுங்கள். மூன்றரை வருடத்துக்குள் அடைந்துவிடும்.