இரவெல்லாம் அழுகிறான், ஷூவைக் கழற்றிவிடலாமா?

"என் மகனுக்கு மூன்றரை மாதம். பிறந்தபோதே வலது பாதம் உள்பக்கமாக மடங்கி இருந்தது. 'கிளப் ஃபுட்' என்றார்கள். வாரம் ஒன்றாக ஆறு மாவுக்கட்டு போட்டு, குதிகாலுக்கு மேல் சின்னதாக ஒரு வெட்டும் போட்டு, இப்போது பாதம் நேராகிவிட்டது. இரண்டு வாரமாகக் கம்பி வைத்த ஷூ மாட்டுகிறோம். மாட்டினாலே வீறிட்டு அழுகிறான். 'கால்தான் சரியாகிவிட்டதே, பிள்ளையை ஏன் வதைக்கிறாய்' என்று மாமியார் ராத்திரியில் கழற்றிவிடுகிறார். கிரகணத்தன்று நான் காய் நறுக்கியதால்தான் இப்படி ஆனது என்றும் சொல்கிறார்."
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, விருத்தாசலம்

கழற்ற வேண்டாம், சகோதரி. இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் மாமியார் பொய் சொல்லவில்லை. பார்வைக்குக் கால் சரியாகத்தான் இருக்கும். ஆனால் பாதத்தை உள்ளே இழுத்த தசைநாண்களில் அந்த இழுவை இன்னும் போகவில்லை. பிள்ளை மளமளவென்று வளரும் முதல் வருடத்தில் அது மறுபடி இழுக்கப் பார்க்கும். திருப்பிய பாதத்தை அங்கேயே பிடித்து வைத்திருப்பது இந்த ஷூதான். ஒன்றரை வயதில் மீண்டும் மடங்கிய பாதத்தோடு வரும் குழந்தைகளின் வீட்டில் விசாரித்தால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "அழுதான், கழற்றிட்டோம்." அப்படி மடங்கினால் திரும்பவும் மாவுக்கட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

இந்தச் சிகிச்சையை வகுத்தவர் இக்னாசியோ பொன்செட்டி. ஸ்பெயினில் பிறந்து அமெரிக்காவின் அயோவாவில் பணியாற்றிய மருத்துவர். பாதத்தைப் பெரிதாக அறுத்துத் திருத்திய பிள்ளைகளுக்கு, வளர்ந்த பிறகு அந்தப் பாதம் விறைத்து வலிப்பதைப் பார்த்தார். அதனால்தான் கையால் மெல்லத் திருப்பி மாவுக்கட்டு போடும் வழிக்கு வந்தார். அவர் முறையில் ஷூ முதல் மூன்று மாதம் நாளுக்கு 23 மணி நேரம். குளிப்பாட்ட மட்டும் கழற்றலாம். அப்புறம் இரவுத் தூக்கத்துக்கும் பகல் தூக்கத்துக்கும் மட்டும், 4 அல்லது 5 வயது வரை. நீண்ட காலம்தான். ஆனால் இதைச் சரியாகக் கடந்த பிள்ளைகள் ஓடுகிறார்கள், பந்து விளையாடுகிறார்கள். அந்தக் காலின் கெண்டைச் சதை மட்டும் கொஞ்சம் மெலிந்தே இருக்கும், அதற்குப் பயப்பட வேண்டாம்.

சரி, அழுகைக்கு வருவோம். இந்த வயதுப் பிள்ளை ஒவ்வொரு காலாக உதைத்துப் பழகியவன். இப்போது இரண்டும் ஒரே கம்பியில். அந்த எரிச்சல்தான் முதல் சில நாள் அழுகையில் பாதி. ஷூ மாட்டியதும் படுக்க வைத்துவிடாமல், கம்பியைப் பிடித்து இரண்டு முழங்காலையும் சேர்த்து மடக்கி நீட்டி விளையாட்டுக் காட்டுங்கள். சேர்த்து உதைக்கக் கற்றுக்கொண்டால் அழுகை தணியும்.

அதற்கு முன் ஷூ சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்று பாருங்கள். மெல்லிய பருத்தி சாக்ஸ் போட்டு, திருத்திய காலை முதலில் நுழைத்து, குதிகாலை அடிவரை இறக்கி, நடுப்பட்டையை முதலில் இறுக்குங்கள். குதிகால் மேலே எழும்பினால் உரசல், உரசினால் கொப்புளம். லேசான சிவப்பு வரும், போகும். குதிகாலின் பின்பக்கம் நன்றாகச் சிவந்தாலோ கொப்புளித்தாலோ மறுநாளே மருத்துவரிடம் காட்டுங்கள். அந்த இடத்தில் எண்ணெய், கிரீம் எதுவும் தடவாதீர்கள், தோல் இன்னும் மோசமாகும். விரல்கள் ஷூவின் விளிம்பைத் தாண்டி மடங்கத் தொடங்கினால் அடுத்த அளவு வாங்கும் நேரம். ஆர்.பி.எஸ்.கே. என்ற அரசுத் திட்டத்தில் கிளப் ஃபுட்டும் அடக்கம். செலவைப் பற்றி அரசு மருத்துவமனையில் தயங்காமல் கேளுங்கள்.

கிரகணத்துக்கும் உங்கள் பிள்ளையின் காலுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. உலகம் முழுவதும் ஏறக்குறைய ஆயிரம் குழந்தைகளில் ஒன்று இப்படிப் பிறக்கிறது, கிரகணத்தைப் பற்றிக் கேள்விப்படாத வீடுகளிலும். நீங்கள் அரிவாள்மணையில் உட்கார்ந்ததால் எந்தப் பாதமும் மடங்காது. இந்த ஒரு வரியை மட்டும் இரண்டு முறை படியுங்கள்.

உங்கள் மாமியார் கழற்றுவது பேரன் அழுவதைத் தாங்காமல்தான். அடுத்த முறை மருத்துவமனைக்குப் போகும்போது அவரையும் அழைத்துப் போங்கள். டாக்டரை அவரிடமே விளக்கச் சொல்லுங்கள். அங்கேயே ஒருமுறை அவர் கையால் ஷூவை மாட்டட்டும். அதுவரை ராத்திரியில் பிள்ளை உங்கள் பக்கத்தில் படுக்கட்டும்.