ஆறாவது பிள்ளை

அன்புள்ள ஐயா,

டப்ளினில் வசிக்கிறேன், கணவர் ஐரிஷ்காரர். அவருடைய பாட்டியின் அண்ணன் 1909இல் ராயல் டப்ளின் ஃபுசிலியர்ஸ் முதல் பட்டாலியனில் சேர்ந்து, முதல் உலகப் போரில், 1915 ஏப்ரல் 25 அன்று துருக்கியின் கலிப்போலியில் இறந்தாராம். பிரிட்டிஷ் பட்டாளத்தில் சேர்ந்த துரோகி என்பதால் வீட்டில் யாரும் அவரைப் பேசுவதில்லை. 1911 குடிக்கணக்கிலும் அவர் பெயர் இல்லை, நகலை இணைத்துள்ளேன். அவருடைய படைக்கோப்பு கிடைக்குமா? மரபணுச் சோதனை உதவுமா?

க.

அன்புள்ள க.,

கோப்பு கிடைப்பது அரிது. அந்தப் போரின் சிப்பாய்க் கோப்புகளில் பாதிக்குமேல் 1940இல் லண்டனில் விழுந்த குண்டுகளில் எரிந்துபோயின. பதக்க அட்டையையும் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவையும் தேடுங்கள். இறந்த தேதிவரை தெரிந்தவருக்கு மரபணுச் சோதனை எதற்கு?

என்னை உறுத்துவது ‘துரோகி’ என்ற சொல். நீங்களும் அதை ஒரு மேற்கோள்குறிகூட இல்லாமல் எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பட்டாலியனைப் பற்றிச் சில காலமாகவே படித்துவருகிறேன், அது எங்கள் ஊர்ப் படை என்பதால். கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் ஐரோப்பியப் படையாகத் தொடங்கி, 1881இல்தான் டப்ளின் பெயரைப் பெற்றது. 1914 ஆகஸ்டில் போர் மூண்டபோதும் மதராஸில்தான் இருந்தது. 1857இல் அதற்குத் தலைமை தாங்கிச் சிப்பாய்க் கிளர்ச்சியைக் கொடூரமாக ஒடுக்கிய ஆங்கில அதிகாரி நீலின் சிலையை அகற்றக் கோரி 1927இல் இங்கே சத்தியாகிரகம் நடந்தது. சிறுவயதில் என் தாத்தா அருங்காட்சியகத்தில் அந்தச் சிலையைக் காட்டி, “கொலைகாரன்” என்றார். சரியாகத்தான் சொன்னார். ஆனால் நீலின் கணக்கை, அரை நூற்றாண்டு கழித்து வயிற்றுப்பாட்டுக்காகச் சேர்ந்த ஒரு டப்ளின் பையனின் தலையில் எழுத எனக்கு மனம் வரவில்லை.

தேதிகளைப் பாருங்கள். கலிப்போலியின் ஹெல்லஸ் முனையில் திறந்த படகுகளில் கரையை நெருங்கிய டப்ளின்காரர்கள் பலர், இறங்குவதற்கு முன்பே சுடப்பட்டுச் செத்தார்கள். அதற்கு ஓராண்டு நிறைய ஒருநாள் இருக்கையில், 1916 ஏப்ரல் 24 அன்றுதான் டப்ளின் தபால் அலுவலகத்தில் பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான ஐரிஷ் கிளர்ச்சி தொடங்கியது. தாம் பார்க்கவே பார்க்காத கிளர்ச்சிக்கு அவர் எப்படி அம்மா துரோகம் செய்திருக்க முடியும்? அந்தச் சீருடையை அதற்கு முன்பும் இகழ்ந்தவர்கள் உண்டு, மறுக்கவில்லை; ஆனால் ஒரு குடும்பமே வாயை மூடிக்கொள்ளும் அளவுக்கு அந்த இகழ்ச்சி கனத்தது 1916க்குப் பிறகுதான்.

பட்டாளத்தில் இருந்தவர் வீட்டுப் படிவத்தில் எப்படி வருவார்? ஆனால் நீங்கள் அனுப்பிய நகலில் தாயின் பெயருக்கு நேரே உள்ள கட்டங்களை நீங்கள் பார்க்கவேயில்லை. உயிரோடு பிறந்த பிள்ளைகள் எத்தனை, இப்போது இருப்பவர்கள் எத்தனை என்ற கேள்விகளுக்குத் தகப்பனார் தம் கைப்பட ஒன்பது, ஆறு என்று எழுதியிருக்கிறார். கீழே பெயர் உள்ள பிள்ளைகளோ ஐந்து பேர்தான்.