கைப்பேசிப் படங்களை பிலிமில் ஏற்றலாமா?

கேள்வி: மகள் பிறந்ததிலிருந்து எடுத்த படங்கள் எல்லாம் ஹார்டு டிஸ்க்கில்தான் இருந்தன. போன மாதம் அது பழுதாகிப் பாதிப் படங்கள் போய்விட்டன. மிச்சத்தை பிலிமில் பதிந்து தருவதாகவும், நூறு ஆண்டானாலும் கெடாது என்றும் ஒரு ஸ்டூடியோவில் சொல்கிறார்கள். பணம் கட்டலாமா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: கட்டலாம். ஆனால் எந்த பிலிம் என்று கேட்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

கலர் பிலிமில் உருவமாக நிற்பது சாயம். இருட்டில் வைத்தாலும் அது மெல்ல வெளிறும். கருப்பு வெள்ளை பிலிமில் நிற்பது வெள்ளி; அது சாயம்போல வெளிறாது. ஹாலிவுட்டில் கலர்ப் படங்களையே மூன்று நிறங்களாகப் பிரித்து, மூன்று கருப்பு வெள்ளை பிலிம்களில் பதிந்து பாதுகாப்பது இதனால்தான். பிலிமின் அடித்தளம் பாலியெஸ்டராக இருக்கட்டும். அசிடேட் என்றால் நாளடைவில் வினிகர் வாடை அடித்துச் சுருங்கும். கழுவுவதிலும் கவனம் வேண்டும். படத்தை நிலைக்கச் செய்யும் ரசாயனமான ஹைப்போ சரியாகப் போகாவிட்டால் படம் மஞ்சள் பூத்துவிடும்.

இவ்வளவும் சரியாக அமைந்த கருப்பு வெள்ளை பிலிமுக்கு 500 ஆண்டு ஆயுள் கணக்கிடுகிறார்கள். ஆனால் அது வெப்பம் 21 டிகிரியையும் ஈரப்பதம் 50 சதவீதத்தையும் தாண்டாத அறைக்கான கணக்கு. நம் வீட்டு பீரோவுக்கு அது பொருந்தாது. ஐப்பசி மழையில் பிலிம் மேல் பூஞ்சை பிடிக்கும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். பிவிசி உறை வேண்டவே வேண்டாம்.

நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகளில், பழைய நிலக்கரிச் சுரங்கம் ஒன்றில் 2017 முதல் பிலிம் காப்பகம் இயங்குகிறது. அங்கே தகவலை நுண்புள்ளிகளாகவும் பதிகிறார்கள்; அதைப் படிக்க ஸ்கேனரும் கணினியும் வேண்டும். குடும்பப் படத்துக்கு அந்த முறை எதற்கு? வெளிச்சத்தில் பிடித்தால் மகளின் முகம் தெரிய வேண்டும். படமாகவே பதியச் சொல்லுங்கள்.

சிலர் கணினித் திரையை கேமராவில் எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். ஒரு மாதிரி வாங்கி, உருப்பெருக்கிக் கண்ணாடியில் தலைமுடியைப் பாருங்கள். கட்டம் கட்டமாகத் தெரிந்தால் திரையைப் படம் பிடித்த வேலை, வாங்காதீர்கள்.

எல்லாப் படங்களையும் ஏற்றுவது வீண் செலவு. இழந்தால் தாங்க முடியாதவற்றை மட்டும் பொறுக்கிக் கொடுங்கள். பிலிமில் ஏற்றிய பிறகும் மூலக் கோப்புகளை அழிக்க வேண்டாம். இரண்டு டிஸ்க்குகளில் பிரதி எடுத்து, ஒன்றை உறவினர் வீட்டில் வையுங்கள். பில்லில் ‘கருப்பு வெள்ளை, பாலியெஸ்டர்’ என்று எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுத்தால் வேறு கடை பாருங்கள்.