தூதரகக் காசும் ஊர்க் கணக்கும்

வணக்கம் அண்ணா,

வடமராட்சி கிழக்கில் ஒரு சனசமூக நிலையத்தின் செயலாளராக இருக்கிறேன். எங்கள் வாசிகசாலைக் கூரை ஒழுகுகிறது. மாரி தொடங்கினால் பின்னேரம் படிக்க வரும் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம். கூரையைத் திருத்தி, இளைஞர்களுக்குக் கணினி வகுப்பும் தொடங்க யோசனை. ஜப்பான், அவுஸ்திரேலியா, கனடா போன்ற நாடுகளின் தூதரகங்கள் சிறு மானியம் தருவதாக அறிந்தோம். எதற்கு விண்ணப்பிக்கலாம்? எங்களுக்கு ஆங்கிலம் போதாது. கொழும்பில் ஒருவர் பத்து வீதம் தந்தால் முழுப் புரொபோசலையும் எழுதித் தருகிறேன் என்கிறார். அவர் அனுப்பிய மாதிரியை இணைத்திருக்கிறேன். வெளிநாட்டு அரசாங்கத்தின் காசு எங்களுக்கு எதற்கு என்று ஊரில் சிலர் கேட்கவும் செய்கிறார்கள்.

ஒரு செயலாளர்

அன்புள்ள தம்பி,

எந்தத் தூதரகம் என்பதற்கு இப்போதே பதில் சொல்லிவிடுகிறேன். பிறகு வேறு கதைக்குப் போய்விடுவேன்.

கூரை என்றால் ஜப்பான். 1989இல் தொடங்கிய அவர்களது அடிமட்ட மானியத் திட்டம் ஒரு கோடி யென் வரை தரும், எங்கள் காசில் ஏறத்தாழ இரண்டு கோடி ரூபாய். கட்டடம், கிணறு, இயந்திரம் என்று கையால் தொட்டுப் பார்க்கக்கூடியவற்றுக்குத்தான் தருவார்கள். சம்பளம், கரண்ட் பில், அச்சு மை எதுவும் அதில் வராது. வகுப்பு, பயிற்சி என்றால் அவுஸ்திரேலியாவையோ கனடாவையோ பாருங்கள். கனடாவின் நிதியாண்டு மார்ச் 31இல் முடியும். பெரும்பாலும் அதற்குள் வேலையை முடித்துக் கணக்குக் காட்டவேண்டியிருக்கும். அமெரிக்கா என்றால் அவர்களின் அரச இணையத்தளத்தில் பதியவேண்டும், முன்பு அதற்கு நேட்டோ என்ற இராணுவக் கூட்டணியின் முறையில் ஒரு குறியீட்டெண்ணும் எடுக்கச் சொன்னார்கள். சனசமூக நிலையத்துக்கு நேட்டோ எண்! ஓடித்திரிந்து எடுத்தவர்களும் உண்டு. 2025 ஜனவரியில் அந்த நாடு வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்த பிறகு அந்த எண்ணை என்ன செய்தார்களோ தெரியாது. உங்கள் பதிவு சனசமூக நிலையப் பதிவு மட்டுமா, தொண்டு நிறுவனங்களைப் பதியும் 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டத்தின் கீழும் பதிந்திருக்கிறீர்களா என்று எழுதவில்லை. எது போதும் என்று விண்ணப்பிக்கும் இடத்திலேயே முதலில் கேளுங்கள்.

வெளிநாட்டுக் காசு எதற்கு என்பவர்களிடம் சண்டைக்குப் போகவேண்டாம். சுவரில் ஒரு கொடி ஒட்டச் சொல்வார்கள், திறப்பு விழாவில் படம் எடுப்பார்கள். ஒழுகும் கூரைக்குக் கீழே அதைவிடப் பெரிய அரசியல் எதுவும் நடக்கப்போவதில்லை.

இனி அந்த மாதிரி. படித்தேன். கோபம் வந்தது. வலுவூட்டல், தலைமைத்துவம், நிலைபேறான அபிவிருத்தி என்று பக்கம் பக்கமாகப் போகிறது. உங்கள் ஊர்ப் பெயரை எடுத்துவிட்டு மொனராகலையைப் போட்டாலும் ஒரு வரி மாற்றத் தேவையில்லை. மாரி வந்தால் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்புகிறோம் என்று எனக்கு ஒரு வரியில் எழுதினீர்களே, அது அதில் எங்கே? தூதரகத்தில் விண்ணப்பங்களைப் பார்ப்பவர் அப்படி ஒரு வரிக்காகத்தான் காத்திருப்பார். அதைப் பிழையான ஆங்கிலத்தில் எழுதினாலும் அவருக்கு விளங்கும்.

அந்தப் பத்து வீதம் எங்கிருந்து வரும் என்று யோசித்தீர்களா? மானியத்தில் அப்படி ஒரு செலவுத் தலைப்பு கிடையாது. சீமெந்திலும் கூரைத் தகட்டிலும்தான் ஏற்றவேண்டும். மூன்று கடைகளில் விலைமனு கேட்பார்கள். மூன்றையும் ஒரே ஆள் மூன்று கடிதத்தலைப்பில் அடித்துத் தருவார். கடைசியில் கணக்காய்வாளருக்கு முன்னால் உட்காரப்போவது கொழும்புக்காரர் அல்ல, உங்கள் பொருளாளர். பாவம், அவர் யாரோ ஒரு இளைப்பாறிய ஆசிரியராக இருப்பார்.

ஆனால் எனக்குக் காசைவிட வேறொன்றுதான் உறுத்துகிறது. இந்த விண்ணப்பப் படிவங்கள் என்ன கேட்கின்றன? எத்தனை பேர் வருகிறார்கள், அதில் பெண்பிள்ளைகள் எத்தனை, உங்கள் பங்களிப்பு என்ன, திட்டம் முடிந்த பிறகு யார் பராமரிப்பார், அதற்குக் காசு எங்கிருந்து வரும். ஊர் கூடி உட்கார்ந்து பதில் சொல்லவேண்டிய கேள்விகள் இவை. அதைத்தான் நீங்கள் பத்து வீதம் கொடுத்து இன்னொருவர் தலையில் கட்டப்பார்க்கிறீர்கள்.

எங்களுக்கு இந்தக் கேள்விகள் பழக்கமில்லாமல் போய்விட்டன. காரணத்தைச் சொன்னால் ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கும் நண்பர்கள் கோபிப்பார்கள், கோபிக்கட்டும். ஒரு தொலைபேசி அழைப்பில் அங்கேயிருக்கும் எங்கள் ஊர்ச் சங்கத்திலிருந்து காசு வந்துவிடுகிறது. அவர்கள் குளிரில் நின்று உழைத்த காசு, அந்தப் பாசத்தை நான் குறை சொல்லவில்லை. கேள்வி கேட்காமல் அனுப்புகிறார்களே, அதைத்தான் சொல்கிறேன். ஒரு ஊரில் அப்படிக் கட்டிய மண்டபத்துக்கு என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். பின்னறையில் கணினிகள் வரிசையாக இருந்தன, மேலே பழைய சேலை போர்த்தி. ஒன்றைத் தூக்கிப் பார்த்தேன். கடற்காற்றில் பின்பக்கத் திருகாணிகள் எல்லாம் துருப்பிடித்து மேசையில் செம்மண்ணாகக் கொட்டியிருந்தது. படிப்பிக்க ஆள் இல்லையாம். கரண்ட் பில் கட்டாமல் இணைப்பையும் வெட்டிவிட்டார்களாம். அதே கூட்டத்தில், அடுத்ததாக ஜிம் ஒன்று போட கனடாவில் கேட்டிருக்கிறோம் என்று தலைவர் மேடையில் அறிவித்தார். கைதட்டினார்கள்.

என் பெரியப்பா எங்கள் ஊர் வாசிகசாலையின் பொருளாளராக இருந்தவர். வீடு வீடாகப் பிடியரிசி சேர்த்து, விற்று, அந்தக் காசில் வீரகேசரியும் ஈழநாடும் வாங்கிப்போட்ட காலம். மாதக் கடைசியில் பெற்றோல்மாக்ஸ் வெளிச்சத்தில் கணக்கை வாசிப்பார். மண்ணெண்ணெய் மூன்று போத்தல், பெற்றோல்மாக்ஸ் மென்ரில் ஒன்று, வாங்குத் திருத்த ஆணி கால் இறாத்தல். ஒருமுறை நாற்பது சதம் இடித்தது. எழுத்தறியாத ஒரு கிழவி, தன் பிடியரிசியும் அதில் இருக்கிறது என்று எழும்பி நின்று கேட்டாள். பெரியப்பா அன்றிரவு சாப்பிடவில்லை. அடுத்த நாள், கடைத் துண்டு ஒன்றை இரண்டு தரம் எழுதியிருந்ததைக் கண்டுபிடித்து, திருத்திய கணக்கைப் பலகையில் ஒட்டினார். ஒட்டியதோடு நிற்காமல் கிழவி வீட்டுக்குப் போய் வாசித்தும் காட்டினார். யப்பான்காரன் படிவத்தில் கேட்பதைத்தான் அவளும் கேட்டாள். அதனால்தான் எனக்குத் தூதரக மானியத்தில் ஒரு மரியாதை. எங்களை மறுபடி கணக்கெழுத வைக்கிறது.

கணினி வகுப்பை இந்த விண்ணப்பத்திலிருந்து எடுத்துவிடுங்கள். கூரையை மட்டும் கேளுங்கள். பொதுக்கூட்டம் ஒன்று வையுங்கள், படிவத்தின் கேள்விகளைத் தமிழில் வாசியுங்கள், சனம் சொல்வதை அப்படியே எழுதுங்கள். கூரைத் தண்ணீர் ஓடும் பீலியைத் துப்பரவாக்க வருடத்துக்கு எவ்வளவு, யார் தருவது என்று மினிட்ஸில் ஏற்றுங்கள். சிரமதானத்துக்கு வருகிறவர்களின் நாட்கூலியைக் கணக்கிட்டு உங்கள் பங்களிப்பாகக் காட்டலாமா என்றும் கேட்டுப்பாருங்கள். விலைமனுவுக்குப் பருத்தித்துறைக்கும் நெல்லியடிக்கும் நீங்களே போய்வாருங்கள். எழுதியதை எனக்கு அனுப்புங்கள், ஆங்கிலத்தில் ஆக்கித் தருகிறேன். பத்து வீதம் வேண்டாம்.

அந்தக் கொழும்புக்காரருக்கு முற்பணம் ஏதும் கொடுத்துவிட்டீர்களா? அதை மட்டும் எழுதாமல் விட்டிருக்கிறீர்கள்.

அன்புடன்,
அண்ணா