மூன்று பிள்ளைகள், ஒரே பாய்

அன்புள்ள அக்காவுக்கு,

ஸ்தோத்திரம். மதுரை திருநகரிலிருந்து எழுதுகிறேன். மூத்தவனுக்கு 13 வயது, நடுவுள்ளவளுக்கு 9, கடைக்குட்டிக்கு 5. இந்த ஜூனிலிருந்து மூன்று பேரையும் வீட்டிலேயே படிக்க வைக்கிறோம். வேதத்தை ஒட்டிய பாடத்திட்டமாக இருக்க வேண்டும் என்பது எங்கள் ஆசை. ஒருவர் அபெக்கா என்கிறார், இன்னொருவர் ஏ.சி.இ. என்கிறார், சபையில் ஓர் அம்மா சோன்லைட் என்கிறார். மூன்று பேருக்கும் மூன்று செட் வாங்கினால் நகையை அடகு வைக்க வேண்டியதுதான். அப்படியே வாங்கினாலும் ஒருத்தி எப்படித் தனித்தனியாகச் சொல்லிக்கொடுப்பது? மாமியார் வேறு, "பிள்ளைகளைக் கெடுக்காதே" என்கிறார். எதை வாங்கலாம்?

ஒரு வாசகி (பெயர் வேண்டாம்)

அன்புள்ள தங்கைக்கு,

நகை பீரோவிலேயே இருக்கட்டும்.

நான் அந்தத் தப்பைச் செய்தவள். என் பெரியவன் இரண்டாம் வகுப்பு வயதில் இருந்தபோது, ஊரைவிட்டுப் போகிற ஒரு குடும்பத்திடம் அமெரிக்க செட் ஒன்றை முழுசாக வாங்கினேன். கணக்குப் புத்தகம் முழுக்க டைம் (10 சென்ட்), நிக்கல் (5 சென்ட்), குவார்ட்டர் (25 சென்ட்) என்று அமெரிக்கக் காசுப் படங்கள். மூன்று டைமும் ஒரு நிக்கலும் சேர்ந்தால் எத்தனை சென்ட் என்று கேட்டால் 35 என்று டக்கென்று சொல்வான். தெருமுனைக் கடைக்கு ஐம்பது ரூபாயோடு அனுப்பினால் மிச்சம் எண்ணி வாங்கத் தெரியாது.

நீங்கள் கேட்ட மூன்று அமெரிக்கப் பாடத்திட்டங்களையும் பார்த்திருக்கிறேன். அபெக்கா புளோரிடாவிலிருந்து வருவது. வகுப்புவாரியாக, நாள்வாரியாக எல்லாம் எழுதியிருக்கும். ஒரு பிள்ளைக்கு நல்லது; மூன்று பிள்ளை என்றால் காலையிலிருந்து சாயங்காலம் வரை நீங்கள் மூன்று வகுப்புக்கு டீச்சர். ஏ.சி.இ. அதற்கு நேர்மாறு. பாடத்துக்கு வருஷம் 12 சின்னப் புத்தகங்கள். பிள்ளையே படித்து, கோடிட்ட இடத்தை நிரப்பி, விடையையும் தானே சரிபார்த்துக்கொள்ளும். உங்கள் கை ஓயும், ஆனால் ஒரே வீட்டில் மூன்று பேரும் மூன்று மூலையில் தனியாக உட்கார்ந்திருப்பார்கள். சோன்லைட் கதைகளை வாசித்துக் காட்டி நடத்துவது. வயது நெருங்கிய பிள்ளைகளை ஒன்றாக உட்காரவைக்கலாம். மூன்றில் எனக்குப் பிடித்தது அந்த வழிதான், பெட்டியாக விற்கிற புத்தக செட் இல்லை. வழிக்குக் காசு கேட்க மாட்டார்கள்.

கணக்கும் மொழிப்பாடமும் மட்டும் தனித்தனி. வேதம், சரித்திரம், இயற்கை, பாட்டு எல்லாம் மூன்று பேருக்கும் ஒரே பாயில். "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்" என்று தொடங்கும் 23-ம் சங்கீதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அறுப்பு முடிந்த வயலில் ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துக் கீதாரிகள், அதாவது ஆடு மேய்ப்பவர்கள், ராத்திரி மந்தையை அடைத்து ஆட்டுக்கிடை போடுவார்கள். ஒரு சாயங்காலம் மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு போங்கள். சின்னவள் குட்டிகளை எண்ணட்டும், சங்கீதத்தைக் கேட்டுக் கேட்டே மனப்பாடம் செய்யட்டும். நடுவுள்ளவள் வீட்டுக்கு வந்து பார்த்ததைப் பத்து வரி எழுதட்டும். பெரியவன் கீதாரியிடமே கேட்கட்டும்: வயல்காரர் எதற்கு இவருக்குக் காசு கொடுக்கிறார், ஒரு ராத்திரி ஆட்டுப் புழுக்கையும் மூத்திரமும் மண்ணுக்கு என்ன செய்கிறது, மழை பொய்த்தால் மந்தை எந்தப் பக்கம் போகும். சங்கீதத்தில் வருகிற கோலும் தடியும் என்னவென்று அவர் கையைப் பார்த்தாலே தெரிந்துவிடும். எங்கள் வீட்டில் அந்த ஒரு சங்கீதம் பதினைந்து நாள் ஓடியது.

சரித்திரமும் அப்படித்தான். அமெரிக்கப் புத்தகத்தில் 1620-ல் இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவுக்குக் கப்பலேறிப் போனவர்கள் கதை வரும், வரட்டும். ஆனால் 1606-ல் இத்தாலியப் பாதிரியார் நோபிலி மதுரைக்கு வந்து தமிழும் சமஸ்கிருதமும் படித்ததை அந்தப் பெட்டிக்குள் தேடாதீர்கள். (அவர் கத்தோலிக்கர், நாம் சி.எஸ்.ஐ., தென்னிந்தியத் திருச்சபை என்று யாராவது ஆரம்பித்தால் காதில் வாங்காதீர்கள்.) 1834-ல் அமெரிக்க மிஷன் இங்கே வந்தது. அமெரிக்கன் கல்லூரி 1881-ல் தொடங்கியது உங்கள் வீட்டுக்குப் பக்கத்துப் பசுமலையில்தான். கீழடி அருங்காட்சியகத்தை ஒரு சனிக்கிழமை பார்த்துவிட்டு வாருங்கள்.

தமிழுக்கு அரசுப் பாடநூல் போதும், இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. வேதத்தையும் தமிழிலேயே வாசியுங்கள். அந்த நேரத்தில் மாமியாரையும் பாயில் உட்காரவையுங்கள். இரண்டு வாரத்தில் "கெடுக்காதே" நின்றுவிடும் என்று நினைக்கிறேன்.

அப்புறம் பெரியவன். அவனுக்குப் புத்தகம் தேடும்முன் பரீட்சையை முடிவு செய்யுங்கள். அமெரிக்கப் பாடத்திட்டம் முடித்த சான்றிதழை மட்டும் நம்பி இங்கே கல்லூரிக்குப் போக முடியாது. 12½ வயது நிரம்பிவிட்டதால் மாநில அரசின் எட்டாம் வகுப்புத் தனித்தேர்வு எழுதலாம். 14 நிரம்பியதும் தேசியத் திறந்தநிலைப் பள்ளியில், அதாவது என்.ஐ.ஓ.எஸ்.ஸில், பத்தாம் வகுப்புக்குப் பதியலாம். ஐந்து பாடம், வருஷத்துக்கு இரண்டு தடவை பரீட்சை, பதிவு 5 வருஷம் செல்லும். எல்லாப் பாடத்தையும் ஒரேயடியாக எழுத வேண்டியதில்லை.

ஒன்று கவனியுங்கள். அபெக்காவும் ஏ.சி.இ.யும் பரிணாமக் கொள்கையை ஏற்பதில்லை. நம் மாநிலப் பத்தாம் வகுப்பு அறிவியலில் அது பாடமாகவே இருக்கிறது. வீட்டில் என்ன நம்பினாலும் சரி, அந்தப் பாடத்தை ஒழுங்காக, மழுப்பாமல் சொல்லிக்கொடுங்கள். அவனுடைய சந்தேகத்தை முதலில் உங்களிடம் கேட்கட்டும். மறைத்துவைத்து, பின்னால் கையைப் பிசைந்துகொண்டு நின்ற வீடு ஒன்று எனக்குத் தெரியும்.

ஆக, வாங்க வேண்டியது நடுவுள்ளவளுக்கு ஒரு கணக்குப் புத்தகம். அதையும் இந்தியப் புத்தகமாகவே வாங்குங்கள், ரூபாயும் கிலோவும் இருக்கும். சின்னவளுக்கு இந்த வருஷம் ஒன்றும் வேண்டாம். அரைப்படி புளியங்கொட்டையும் ஒரு சிலேட்டும் இருந்தால் நூறு வரை எண்ணிவிடுவாள்.