தனி வயலின் வகுப்பு எடுக்கிறேன், கையில் காசு நிற்கவில்லை

கேள்வி: வணக்கம் ஐயா. திருகோணமலையில் கர்நாடக வயலின் படிப்பிக்கிறேன். கூட்டு வகுப்பு எடுப்பதில்லை, ஒவ்வொருவருக்கும் தனியாகத்தான். மொத்தம் 14 பேர். எட்டுப் பேர் வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சைக்குப் படிக்கிறார்கள், ஐந்து பேர் சின்னப் பிள்ளைகள், ஒருவர் தேவாரம் வாசிக்கப் பழகும் ஓய்வுபெற்ற அம்மா. வாரம் ஒரு வகுப்பு, 45 நிமிடம், 1,000 ரூபாய். நடந்த வகுப்புக்கு மட்டும்தான் காசு வாங்குவேன். 2021 இல் வைத்த கட்டணம், இன்னும் கூட்டவில்லை. உப்புவெளி, ஓர்ஸ்ஹில், சீனக்குடா, நிலாவெளி என்று பெரும்பாலும் நானே ஸ்கூட்டியில் வீடுகளுக்குப் போகிறேன். பெற்றோலுக்கு மாதம் 6,000 போகிறது. மாதம் 56 வகுப்பில் 12 எப்படியும் தவறும். அதில் பாதி, நான் வாசலுக்குப் போன பிறகுதான் தெரியவரும். வீட்டு மேல்மாடியில் ஓர் இசை அறை கட்டினால் பிள்ளைகள் இங்கேயே வருவார்கள் என்று நினைக்கிறேன். வங்கியில் 6 இலட்சம், 14 வீத வட்டி, 5 வருடம் என்றார்கள். எடுக்கலாமா?

பதில்: வணக்கம் ரீச்சர். கடனை இப்போது எடுக்க வேண்டாம். உங்களிடம் காசு நிற்காததற்குக் காரணம் அறை இல்லாதது அல்ல, கட்டணம் வாங்கும் முறை.

கணக்கைப் பாருங்கள். நடந்த 44 வகுப்புக்கு 44,000 ரூபாய். பெற்றோல் போக 38,000. ஒவ்வொரு வகுப்புக்கும் 45 நிமிடம் படிப்பிக்கிறீர்கள். போக வர சராசரி 40 நிமிடம், அந்தப் பிள்ளைக்கு என்ன கொடுப்பது என்று யோசித்து எழுதி வைக்க இன்னொரு 15 நிமிடம் என்று வைத்துக்கொண்டேன். ஆக ஒரு வகுப்புக்கு 100 நிமிடம். வீணாகப் போய்த் திரும்பிய ஆறு நாளையும் சேர்த்தால் மாதம் 77 மணித்தியாலம். மணிக்கு 500 ரூபாய்கூட வரவில்லை. 45 நிமிடத்துக்கு 1,000 என்று பார்க்கும்போது மணிக்கு 1,300 க்கு மேல் உழைப்பதாகத்தான் உங்களுக்கே தோன்றியிருக்கும்.

இதற்கு மேல் கடனை வைத்துப் பாருங்கள். நீங்கள் சொன்ன வட்டிக்கு மாதத் தவணை கிட்டத்தட்ட 14,000 வரும். 38,000 இல் அது போனால் மிச்சம் 24,000. ஐந்து வருடத்தில் வட்டி மட்டும் 2 இலட்சத்து 37 ஆயிரத்துக்கு மேல். இன்றைய கட்டணத்தில் 238 வகுப்பு எடுத்தால்தான் அந்த வட்டியைக் கட்ட முடியும். பிள்ளைகள் வகுப்பைத் தவறவிடும் பழக்கமோ அறை கட்டினாலும் மாறப்போவதில்லை.

முதலில், வகுப்புக் கணக்கில் காசு வாங்குவதை நிறுத்துங்கள். மாதக் கட்டணம், முதல் வாரத்திலேயே. செவ்வாய் 4 மணி ஒரு பிள்ளைக்கு என்று ஒதுக்கிவிட்டால் அந்த நேரத்தை வேறு யாருக்கும் கொடுக்க முடியாது. கூட்டு வகுப்பில் ஒரு பிள்ளை வராவிட்டால் மற்றவர்களோடு வகுப்பு நடக்கும். தனி வகுப்பில் அந்த நேரம் முழுவதும் போய்விடும். அதற்காக இரக்கமில்லாமல் நடக்கச் சொல்லவில்லை. மாதம் நான்கு என்றால் வருடம் 48 வகுப்பு, மிச்சம் நான்கு வாரம் இருக்கிறது. அதில் இரண்டைக் கோணேசர் கோயில் திருவிழாவுக்கும் நவராத்திரிக்கும் விட்டுவிட்டு, மற்ற இரண்டையும் தவறிய வகுப்பை ஈடுசெய்யும் வாரமாக வையுங்கள். வகுப்புக்கு முந்தின நாளே சொன்னவருக்குத்தான் ஈடு. வாசலில் வைத்துச் சொன்னால் இல்லை.

அடுத்தது கட்டணம். 2021 தொடக்கத்தில் பெற்றோல் லீற்றர் 137 ரூபாய். இப்போது இரண்டு மடங்குக்கு மேல். உங்கள் கட்டணம் மட்டும் அங்கேயே நிற்கிறது. இதில் கூச்சப்பட எதுவும் இல்லை. ஆனால் எல்லோருக்கும் ஒரே அளவு நேரம், ஒரே கட்டணம் என்று வைக்க வேண்டாம். நீங்கள் படிப்பிப்பதே ஆளுக்கு ஏற்றபடிதானே. ஏழு வயதுப் பிள்ளை அரை அளவு வயலினைக் காலில் சாய்த்துக்கொண்டு 45 நிமிடம் சம்மணமிட்டு இருக்காது. அரை மணித்தியாலம் போதும், 1,000 ரூபாய். பெரியவர்களுக்கு 45 நிமிடம், 1,300 ரூபாய். மாதத்துக்கு 4,000, 5,200 என்று வரும்.

பரீட்சைப் பிள்ளைகள் விஷயத்தில்தான் உங்களுக்குப் பெரிய வாய்ப்பு இருக்கிறது. இராக இலட்சணம், தாள அங்கங்கள், வாக்கேயகாரர் (பாட்டும் மெட்டும் இயற்றியவர்) வரலாறு எல்லாம் அறிமுறை, அதாவது வாசிக்காமல் படிக்கும் பாடம். இவற்றை எட்டுப் பேருக்கும் எட்டுத் தடவை தனித்தனியாகச் சொல்லத் தேவையில்லை. மாதம் இரண்டு ஞாயிறு, ஒன்றரை மணித்தியாலம், எல்லோரையும் உங்கள் வீட்டு முன்விறாந்தையில் இருத்தி நடத்துங்கள். ஆளுக்கு மாதம் 1,200. தனி வகுப்பு நேரம் முழுவதும் செய்முறைக்குக் கிடைக்கும். வில் எங்கே சரிகிறது, சுருதி எந்த விரலில் விலகுகிறது என்று பக்கத்தில் இருந்து பார்த்துத் திருத்தத்தானே பெற்றோர் உங்களிடம் வருகிறார்கள். பத்துப் பேர் இருக்கும் வகுப்பில் வயலின்களுக்குச் சுருதி சேர்த்து முடிக்கவே கால்வாசி நேரம் போய்விடும்.

ஒரு கொப்பியில் பிள்ளைக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். 'வில் நேராக இழுபடவில்லை. சரளி வரிசை மாயாமாளவகௌளையில் இரண்டாம் காலம் வரை வந்தாயிற்று. அடுத்த மாதம் ஜண்டை வரிசை.' இவ்வளவு போதும். மாத முடிவில் அந்தப் பக்கத்தைப் படமெடுத்துப் பெற்றோருக்கு வட்ஸ்அப்பில் அனுப்புங்கள். தங்கள் பிள்ளைக்கென்றே என்ன நடக்கிறது என்று கண்ணால் பார்த்தவர்கள் கட்டண உயர்வைப் பற்றி அதிகம் பேச மாட்டார்கள். ஜனவரியில் புதிய கட்டணம் என்றால் நவம்பரிலேயே சொல்லிவிடுங்கள். உண்மையிலேயே கட்ட முடியாத பிள்ளை இருந்தால், ஓர் இடத்தை நீங்களாகவே பாதிக் கட்டணத்துக்கு ஒதுக்குங்கள். ஒருவருக்கு அப்படிச் செய்வது உங்களால் முடியும். கேட்கிற எல்லோருக்கும் குறைத்தால் முடியாது.

பயணம்: பக்கத்தில் இருப்பவர்களை விறாந்தைக்கு வரச் சொல்லுங்கள். மூன்று வீட்டுக்கு மட்டும் போங்கள், அதற்குத் தனியாகப் பயணக் காசு கேளுங்கள். நிலாவெளி போக வரவே ஏறக்குறைய 30 கிலோமீற்றர். அங்கே இன்னொரு பிள்ளை கிடைத்தால் அதே நாளில் வையுங்கள், கிடைக்காவிட்டால் அந்த இடத்தை விடுவதையும் யோசியுங்கள்.

சரி, கட்டணம் கூடியதால் பரீட்சைப் பிள்ளைகளில் இருவர் நின்றுவிட்டார்கள் என்றே வைப்போம். சின்னவர்கள் ஐந்து பேர் 20,000. மிச்சப் பரீட்சைப் பிள்ளைகள் ஆறு பேரும் அந்த அம்மாவும் சேர்ந்து ஏழு பேர் 36,400. அறிமுறை வகுப்பு ஆறு பேர் 7,200. மொத்தம் 63,600. பெற்றோல் 3,000 ஆகக் குறைந்தால் கையில் 60,600. பயணக் காசை நான் சேர்க்கவில்லை. வேலை நேரமும் 55 மணித்தியாலம் அளவுக்கு இறங்கிவிடும்.

இந்த மேலதிகக் காசை முழுவதும் வீட்டுச் செலவில் விட்டுவிடாதீர்கள். சம்பளத்துக்கு வேலை செய்பவருக்கு ஊழியர் சேமலாப நிதியில் அவர் 8 வீதம், முதலாளி 12 வீதம் என்று மாதாமாதம் சேர்கிறது. உங்களுக்கு அப்படிப் போட யாரும் இல்லை. மாதம் 10,000 ஐத் தனிக் கணக்கில் போடுங்கள். முதலில் மூன்று மாதச் செலவு அளவு சேரட்டும். சாதாரண தரப் பரீட்சை நெருங்கினால் பிள்ளைகள் நின்றுவிடுவார்கள், அப்போது அது கைகொடுக்கும். பிறகு சேர்வதை நிலையான வைப்பில் போடுங்கள். 2025 ஏப்ரல் முதல் வருட வருமானம் 18 இலட்சம் வரை வருமான வரி இல்லை, உங்கள் வருமானம் அதற்குள்தான் வரும். ஆனாலும் வைப்பு வட்டியில் வங்கி 10 வீதம் பிடிக்கும். வரி இலக்கத்தை எடுத்து உங்கள் வருமானம் அந்த 18 இலட்சத்துக்குள்தான் என்று நீங்களே உறுதிசெய்யும் சுயபிரகடனப் படிவத்தை வங்கியில் கொடுத்தால் பிடிக்க மாட்டார்கள்.

விறாந்தைக்கு மழைச் சாரல் மறைப்பும் ஒரு மின்விசிறியும் போதும், அதைச் சேமிப்பிலேயே செய்யலாம். ஆறு மாதம் இந்த முறையில் நடத்திப் பார்த்து, மாதாமாதம் வந்த காசை எழுதி வையுங்கள். 14,000 தவணையைக் கழித்த பிறகும் 45,000 நிற்கிறது, விறாந்தையிலும் இடம் போதவில்லை என்றால், அப்போது வங்கிக்குப் போங்கள். அதற்குள் கொஞ்சம் சேர்ந்திருக்கும் என்பதால் 6 இலட்சமும் கேட்க வேண்டி வராது.